பச்சையம்மாள் சாத்திய கதவு

1979 ஆடி மாதம் செங்கம் ரோட்டில் கஸ்தூரியின் மாடியறைக்கு வாடகைக்கு வந்தவர் பார்க்க நம்மூர்க்காரர் போலத்தான் இருந்தார். கறுத்த முகம், சுருட்டை நரை. வாயைத் திறந்தால்தான் பிரெஞ்சு. கஸ்தூரி புதுச்சேரியில் பிறந்து கான்வென்டில் படித்தவள், அதனால் அவரோடு பேச முடிந்தது. பெயர் கேட்டாள். "கபிரியேல் சடையன்" என்றார், சடையனை மூக்கால் உச்சரித்து.

அவர் ஊர் குவாதலூப். கடல்களுக்கு அப்பால், பிரெஞ்சுக்காரர்கள் கரும்பு போட்ட தீவு. நூறு வருஷத்துக்கு முன் தாது வருஷப் பஞ்சத்தில் அவருடைய தாத்தா சடையன் கூழுக்கு வழி தேடிப் புதுச்சேரிக்கு நடந்து போனார். அங்கே ஒருவன் கரும்புத் தோட்டத்தில் வேலை இருக்கிறது, கொஞ்சம் தூரம்தான் என்று கப்பலேற்றிவிட்டான். ஒப்பந்தம் முடிந்தபோது திரும்ப அனுப்பக் கப்பல் இல்லை என்றார்கள். மறுபடி கைநாட்டு, மறுபடி கரும்பு. ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார்.

"ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சுக்குப் போவோம். ஆனால் வருஷத்தில் ஒருநாள் கரும்புத் தோட்டத்துக்குப் பின்னால் சேவல் அறுத்து, கடலைப் பார்த்து நின்று எங்கள் மூன்று தெய்வங்களைக் கூப்பிடுவோம். தாத்தா சாகும்வரை கடலைப் பார்த்துச் சொன்ன மந்திரம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கல் நட்டிருக்கிறோம். தாத்தாவின் ஊர் இந்த மலைப் பக்கம் என்பார்கள். அந்தத் தெய்வங்களின் கோயில் எங்கே என்று பார்க்கத்தான் வந்தேன்" என்றார்.

"என்ன மந்திரம்?"

அவர் எழுந்து நின்று, கண்ணை மூடி, இழுத்துச் சொன்னார். "பச்சே. கதவத் தொறக்காத. வந்துட்றேன்."

கஸ்தூரிக்கு முதலில் சிரிப்பு வந்தது, உடனே அடங்கிவிட்டது. அவை பெயர்கள் இல்லை, ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொன்ன பேச்சு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவள் யோசிப்பதற்குள், பால் ஊற்ற வந்திருந்த ராஜம்மாள் செம்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

"யக்கா, இந்தாளு யாரு? இந்தப் பேச்சு எங்க வூட்டுப் பேச்சு."

ராஜம்மாள் பக்கத்துக் கிராமமான அடி அண்ணாமலைக்காரி. அவள் புருஷன் தருமன், சடையனுடைய தம்பியின் வழியில் வந்தவன். சடையன் அதே வார்த்தைகளைச் சொல்லிவிட்டுப் போனபின் வீட்டில் இருந்தது மனைவி பச்சையம்மாளும் கைக்குழந்தையும். பஞ்சம் தணிந்து, பிழைக்கப் போயிருந்த தம்பி திரும்பி வந்தபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவன் கோடரியை ஓங்கினான். உள்ளேயிருந்து, "மாமா வந்தாத்தான் தொறப்பேன்" என்று குரல் கேட்டது. அந்த வீட்டிலிருந்து புகை எழும்பி அப்போது பல மாதம் ஆகியிருந்தது. கோடரியைப் போட்டுவிட்டு ஓடினான். அதற்குப் பிறகு யாரும் கதவைத் தொடவில்லை. வருஷம் தவறாமல் கூரை மட்டும் வேய்ந்தார்கள். வேயாமல் விட பயம்.

குதிரை வண்டி பிடித்து மூவரும் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். தெருவில் ஆளில்லை. தருமன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். போன வருஷம் வேய்ந்த கூரைக்குக் கீழே மழுங்கிய மண்சுவரும், கரையான் தொடாத பலகைக் கதவும். கபிரியேல் கதவின் முன் நின்று, தன் ஊரில் செய்வதுபோல, மந்திரத்தைச் சொன்னார்.

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. யாரோ பாயிலிருந்து எழுந்தார்கள். காலடி கதவு வரை வந்து நின்றது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

ராஜம்மாள் கஸ்தூரியின் கையை இறுக்கிப் பிடித்தாள். கஸ்தூரிக்கு அப்போதுதான் உறைத்தது. திறக்காதே என்றல்லவா அவர் திரும்பவும் சொல்லியிருக்கிறார். அர்த்தத்தைச் சொன்னாள். அறுபது வருஷமாகக் கும்பிட்ட மூன்று கற்களும் அந்த நேரத்தில் கபிரியேலுக்குள் சரிந்திருக்க வேண்டும்.

"அப்படியானால் நான் என்ன சொல்ல வேண்டும்?"

"பச்சே, வந்துட்டேன்னு சொல்லுங்க" என்றாள் கஸ்தூரி.

"நான் அவர் இல்லையே. அது பொய்."

கஸ்தூரி அதைத் தமிழில் சொன்னாள். தருமன் தரையைப் பார்த்துக்கொண்டே, "அவரு ரத்தந்தானே. சொல்லச் சொல்லும்மா. எத்தினி காலத்துக்கு நிக்கும் அது" என்றான்.

கபிரியேல் கதவில் நெற்றியை வைத்தார். "பச்சே. வந்துட்டேன்."

தாழ்க்கட்டை விலகியது. கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. உள்ளே இருட்டு, சாணம் மெழுகிய ஈரத்தரையின் வாசனை. அவர் மட்டும் போனார். மூவரும் வெளியே நின்றார்கள். பேச்சுக் குரல் ஒன்று தாழ்ந்து கேட்டது. ஆணுடையது அல்ல.

வெளியே வந்தபோது அவர் தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தார்.

"யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு கை என் முகத்தைத் தடவிப் பார்த்தது. மூக்கை, காதை, எல்லாவற்றையும். பிறகு ஏதோ சொல்லிற்று. எனக்குப் புரியவில்லை. சத்தத்தை மட்டும் பிடித்து வைத்திருக்கிறேன்." மறந்துவிடப் பயந்தவர்போல அவசரமாகச் சொன்னார். "நீ மாமா இல்ல. பரவால்ல. சாப்டியா?"

முதல் இரண்டையும் கஸ்தூரி பிரெஞ்சில் சொன்னாள். பிறகு மூன்றாவதை. கேட்டதும் கபிரியேல் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார்.

தருமன் விளக்கோடு உள்ளே போனான். கவிழ்த்து வைத்த சட்டி, ஒரு பாய், பாயின் மேல் எலும்புகள், அணைப்பில் சின்ன எலும்புகள். தரையில் ஈரம் இல்லை. நூறு வருஷத்துத் தூசி கணுக்கால் வரை கிடந்தது.

மறுநாள் ஏரிக்கரையில் எரித்தார்கள். கொள்ளி வைத்தவர் கபிரியேல். கஸ்தூரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு சொல்லை, நெருப்புப் பிடிக்கும் வரை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்: "சாப்டேன்."

ஆவணியில் அவர் ஊருக்குத் திரும்பினார். அந்த வருஷம் கூரை வேயவில்லை. ஐப்பசி மழையில் சுவர் கரைந்து விழுந்தது. தருமன் அங்கே வேர்க்கடலை போட்டான்.

ஆனால் அந்தத் தெருப் பெண்கள் சொல்வார்கள். நல்ல வெயிலில், அடுப்படியில் தனியாக இருக்கும்போது, வாசலில் யாரோ வந்து நின்று "சாப்டியா?" என்று கேட்பதுண்டாம். திரும்பிப் பார்ப்பதில்லை. "ஆச்சும்மா" என்று சொல்லிவிட்டு, ஒரு கை சோற்றை வாசல் பக்கம் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.