ஒப்பீட்டுக்கு வந்த சின்னவள்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் வந்தது. கொடுத்தவள் என் தங்கை. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக் கோளாறுகளை ஆராய்கிற டாக்டர். "பேர் போடாதே, ஊர் போடாதே, முக்கியமா யாரையும் கொல்லாதேண்ணா" என்றாள். வாராவாரம் தொடர்கதையில் ஒரு பிணம் போட்டுப் பிழைப்பவனிடம் சொல்கிற பேச்சா இது?

ஆய்வுக்கூடத்துக் கதவு படாரென்று திறந்தது. டாக்டர் உறைந்துபோய்…

[அடித்துவிட்டேன். பிஞ்சு விரல்கள் நசுங்காதிருக்க அந்தக் கதவு ஆடி அசைந்துதான் நகரும். த்ரில்லருக்கு உதவாத கதவு.]

2

ஆய்வுக்கு வந்த குழந்தைகள் ஓர் அண்ணன், ஒரு தங்கை. பெரியவனுக்கு ஆட்டிசம் என்பது தெரிந்த விஷயம். சின்னவள் ஒப்பீட்டுக்காக வந்தவள்; அதாவது, 'இவளுக்கு ஒன்றுமில்லை' என்று அம்மாவே அழைத்து வந்தவள். இருவரும் விளையாடுவதைத் தனித்தனியே படம்பிடித்து, விவரம் எதுவும் சொல்லாமல் மூன்று ஊர் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாது.*

மூன்று இடங்களிலிருந்தும் ஒரே பதில்: சின்னவளுக்கும் அறிகுறிகள் இருக்கின்றன.

"வேற குழந்தையோட வீடியோ மாறிப் போயிருக்கும். உன் லேப்ல இருக்கிற அந்தக் குறுந்தாடி உதவியாளர் மேல எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றேன்.

"எதுவும் மாறல. நானே திரும்பப் பார்த்தேன். அம்மா சிரிச்சா சிரிக்கிறா, அண்ணன் கை தட்டினா தட்டுறா. இத்தனை நாளும் காப்பி அடிச்சே பாஸ் ஆயிருக்கா."

"கெட்டிக்காரிதான்!"

"வீட்டுக்குப் போனதும் அலுத்துச் சுருண்டுடறாண்ணா. அவங்கம்மா அதைச் 'சமத்து, படுத்தாத் தூங்கிடும்'ங்கறாங்க. இப்பவே சொன்னா முழுசாப் பரிசோதிச்சு உதவலாம். எப்படிச் சொல்றது?"

* கூட்டு ஆராய்ச்சி என்பது இதுதானாம்: பேசிக்கொள்ளாமலே ஒற்றுமையாக இருப்பது. எங்கள் சித்தப்பா குடும்பம் காலங்காலமாகச் செய்வது.

3

அந்த அம்மாதான் என் பேனாவுக்குள் அடங்கவில்லை. முதலில் அழவைத்தேன், சினிமாவாக இருந்தது. பிறகு, அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று மாற்றினேன்.

என் தங்கை படித்துவிட்டு முறைத்தாள். "உன் வசதிக்கு அவங்களை ஞானி ஆக்காதே."

4

முடிவு அ: டாக்டர் சொல்லவில்லை. சின்னவள் பாஸ் ஆகிக்கொண்டே களைத்துப்போகிறாள்.

முடிவு ஆ: சொல்கிறாள். அம்மா…

முடிவு இ: வெடிகுண்டு. (தங்கை கிழித்துப்போட்டாள்.)

'ஆ'வை முடிக்க எனக்குத் துப்பில்லை. ஆகவே வாசகரே, டாக்டர் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். எதிரே அந்த அம்மா, பெரியவனுக்கு ஷூ மாட்டியபடியே பேசுகிறாள்:

"இவனைப் பத்தி என்ன வேணா சொல்லுங்க டாக்டர், கேட்டுக்கறேன். இவன் எனக்கு டூட்டி. சின்னவதான் எனக்கு லீவு."

நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாள். சொல்லுங்கள்.