கோபத்தில் பழுத்த கடிகாரங்கள்

அந்தக் கடையின் பின்னறையில் ஒரு புத்தம் புதுக் கைக்கடிகாரத்துக்கு இருபத்திரண்டு வயதாக நாலு நிமிடம் பிடித்தது. செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு அது அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வந்தது. பதினொன்று பதினாலுக்கு அதன் முகப்பு மஞ்சளாகி, முள்களின் ஓரத்தில் புள்ளி புள்ளியாகத் துரு பூத்து, பின்மூடியின் இடுக்கில் இருபத்திரண்டு கோடைகளின் வியர்வை கறுத்து இறுகிப்போயிருந்தது. அதைக் கையில் வைத்திருந்தவள் கடைக்காரனின் தங்கை. அவள் அதைத் திட்டிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அதற்கு முன்பு அது மெனக்கெட்டுச் செய்கிற வேலையாக இருந்தது. புதுக் கடிகாரத்தைப் பழசுபோல ஆக்கி விற்பதுதான் அந்தக் கடையின் பிழைப்பு. அவள் முகப்பைக் கழற்றி, கெட்டியான தேயிலைத் தண்ணீரைத் தூரிகையால் மூன்று முறை பூசி, சின்ன அடுப்புப் பெட்டியில் வைத்து வாட்டுவாள். உலோகத்தை உப்புத்தாளால் தேய்ப்பாள். பழைய சாவிகளும் திருகாணிகளும் நிறைந்த துணிப்பையில் கடிகாரத்தைப் போட்டு, ஜுரம் வந்த பிள்ளையைத் தோளில் போட்டு ஆட்டுவதுபோல அரைமணி நேரம் குலுக்குவாள். தோல்வாரை எண்ணெய் தடவித் தன் முழங்கைக்கு மேல் கட்டிக்கொண்டே சமைப்பாள், துவைப்பாள். இத்தனை செய்தும், விஷயம் தெரிந்தவர்கள் லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டு, “இது போன வாரம் பழசானது” என்று சிரிப்பார்கள். முன்னால் கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் அந்தச் சிரிப்பை அப்படியே பின்னறைக்குக் கொண்டுவந்து அவள் தலையில் கொட்டுவான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, அண்ணனைப் பற்றி ஒரு பத்திரிகையில் படத்தோடு வந்திருந்தது. உதவிக்கு ஆள் உண்டா என்ற கேள்விக்கு, “எல்லாம் என் கைவேலைதான். வேற யாரையும் தொட விடுறதில்ல” என்று பதில் சொல்லியிருந்தான். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கச் சொன்னால் அதன் திருகையே பிடுங்கிவிடுகிற கை அது. அவள் இருபத்திரண்டு வருடமாக அந்த அறையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். வாயில் வந்ததையெல்லாம் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள். கோபம் எத்தனை வருடப் பழசோ, அத்தனை வருடம் கடிகாரத்தில் ஏறியது. ஏறிய கையோடு கோபம் அவளைவிட்டு இறங்கியும் போனது. மத்தியானம் அவளே அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினாள். “படம் நல்லா வந்திருக்குண்ணே” என்றாள். அண்ணனுக்கு அன்றே விஷயம் புரிந்துவிட்டது.

அதன்பின் அண்ணி தினமும் காலை பத்து மணிக்குப் பின்னறைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். தங்கையைக் கோபப்படுத்துவது அவள் பொறுப்பு. அந்த வேலையை அவள் சம்பளம் வாங்காமல் பல வருடமாகச் செய்து பழகியவள்தான். ஐந்து வருடக் கடிகாரம் வேண்டுமானால் குடும்பப் படத்திலிருந்து நாத்தனாரை வெட்டி எடுத்ததைப் பேசுவாள். பதினான்கு வருடம் வேண்டுமானால், பெண் பார்க்க வந்து பிடித்துப்போன ஒரு மனிதரை, பின்னறை வேலைக்கு ஆள் இல்லாமல் போய்விடும் என்பதற்காக, அண்ணன் “அவளுக்கு வாய் ஜாஸ்தி” என்று சொல்லி வாசலோடு அனுப்பிய கதையை எடுப்பாள். இருபத்தொன்பது வருடக் கடிகாரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. வகுப்பில் முதலாவதாக வந்தவளை ஒன்பதாவதோடு நிறுத்திவிட்டு, இரண்டு முறை ஃபெயிலான அண்ணனைத் தொடர்ந்து படிக்க அனுப்பினார்கள். அந்தக் கடிகாரத்தை ஒரு பல் டாக்டர் பார்த்த மாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் அந்தப் பள்ளிக்கூடக் கதை யாரோ அடுத்த தெருப் பெண்ணுக்கு நடந்ததுபோல அவளுக்கு இருந்தது. நினைவு இருந்தது, சூடு இல்லை.

பசுவைக் கறப்பதுபோல அவளைக் கறந்தார்கள். கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது. அவளுக்கு வரவில்லை, அதுதான் கொடுமை.

பிறகு அறுபது வருடக் கடிகாரம் ஒன்று வேண்டும் என்று பேராசை வந்தது. நாற்பத்து மூன்று வயதுக்காரியிடம் அறுபது வருடக் கோபம் எங்கே இருக்கும்? அண்ணி மாமியாரின் கதையை எடுத்தாள். அம்மாவுக்குப் பதினெட்டு வயதில் டெலிபோன் நிலையத்தில் வேலை கிடைத்தது. உத்தரவு வந்த கடிதத்தை அம்மாவின் அண்ணன் வாங்கி, எட்டாய் மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் வைத்துவிட்டார். வேலையில் சேர வேண்டிய நாள் கடந்த பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. இதைக் கேட்டதும் தங்கை கத்திய கத்தலில் உத்தரத்தூசி உதிர்ந்தது. கடிகாரம் கறுத்து, கண்ணாடி மங்கி, உண்மையிலேயே அறுபதைத் தாண்டிய கிழமாக மேசையில் கிடந்தது. அண்ணன் அதை விற்க மனமில்லாமல் அலமாரியின் நடுவில் வைத்தான். ஆனால் அன்றோடு, மாடியில் நாள் முழுக்கப் பாத்திரங்களிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்த அம்மாவின் சத்தம் நின்றுவிட்டது. அடுத்த வாரம் அண்ணன் ஒரு பத்திரத்தை நீட்டியபோது, என்ன ஏது என்று கேட்காமல் அம்மா கையெழுத்துப் போட்டாள். அப்பா விட்டுப்போன வீட்டில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதியிருந்தது. வீட்டை இடித்துக் கடையைப் பெரிதாக்குவது அண்ணனின் திட்டம். அம்மாவுக்கும் தங்கைக்கும் பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒற்றை அறை பார்த்தாயிற்று.

தங்கையின் கையெழுத்துதான் பாக்கி. ஒரு வியாழக்கிழமை காலை, பத்திரத்தை முன்கடை மேசையில் விரித்து, பேனாவையும் திறந்து கொடுத்தான்.

“எங்க போடணும்ணே?” என்றாள்.

இடத்தைக் காட்டினான். பேனா முனை தாளைத் தொடப்போன நேரம், பல் டாக்டர் நோயாளியைப் பாதியில் விட்டுவிட்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் கடைக்குள் நுழைந்து அண்ணனின் சட்டையைப் பிடித்தார்.

“மொத ரேங்க் எடுத்த என்னை எதுக்குடா நிறுத்துனீங்க? ஃபெயிலானவன் நீதானே! நீதானே நின்னிருக்கணும்? உன் கணக்கு நோட்ட எழுதித் தந்ததே நான்தானேடா!”

டாக்டர் சட்டையை விட்டுவிட்டுக் கூச்சத்தோடு சுற்றிப் பார்த்தார். “மன்னிச்சுக்குங்க. நான் நல்லாவே படிச்சவன். ஒரு வாரமா இது நெஞ்சுல ஏறி உக்காந்திருக்கு. எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல.”

தங்கைக்குத் தெரிந்தது. “டாக்டர், அந்தக் கடிகாரத்தக் கழட்டிக் குடுங்க. அது என்னோடது” என்றாள்.

தன் கையில் கட்டினாள். மஞ்சள் முகப்பு பால்போல வெளுத்தது. துரு உதிர்ந்தது. அவள் காது மடல் இரண்டும் சிவந்தன. பேனாவை மூடிப் பத்திரத்தின் மேல் வைத்தாள்.

“போட மாட்டேன்” என்றாள்.

“அம்மாவே போட்டுட்டாங்க. உனக்கென்ன வந்துச்சு?” என்றான் அண்ணன்.

அவள் அலமாரியைத் திறந்து அறுபது வருடக் கடிகாரத்தை எடுத்தாள். அதையும் கட்டிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட மறையவில்லை. அது தன்னுடையது இல்லை என்று அவளுக்கு அப்போது விளங்கியது. தன்னையே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது. அம்மாவுக்கு என்று இருந்த ஒன்றே ஒன்றான அந்தக் கோபத்தையும் தன் வாயாலேயே எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாளே. அவள் மாடிக்கு ஓடினாள். பின்னால் அண்ணன் கூப்பிட்டது காதில் விழவில்லை.

சிறிது நேரத்தில் எழுபத்தெட்டு வயது அம்மா கைப்பிடியைப் பிடிக்காமல் படியிறங்கி வந்தாள். மணிக்கட்டில் அந்த அறுபது வருடக் கடிகாரம் கடையிலேயே புதியதாக மின்னியது. வாடிக்கையாளர்கள் தாமாகவே வழிவிட்டார்கள். அம்மா மகன் முன்னால் வந்து நின்றாள்.

“அந்த வேலைய நான் பார்த்திருப்பேன்டா” என்றாள். “நல்லாப் பார்த்திருப்பேன். எத்தன வருஷம் பார்த்திருப்பேன்!” குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. “என் கையெழுத்தக் குடு. குடுத்துட்டு வீட்டைவிட்டு வெளிய போ.”

அண்ணன் பத்திரத்தைக் கொடுத்தான், மாத முடிவில் வெளியேறினான். வேறு தெருவில் கடை போட்டான், பழைய கடையில் கடிகாரம் வாங்கிப்போனவர்கள் அங்கும் தேடிவந்து திட்டினார்கள். ஒரு வங்கி மேலாளர், என்னைப் பெண் பார்க்க வந்தவரை ஏன் விரட்டினாய் என்று கேட்டு மீசை நனைய அழுதார். வருபவர்களுக்கு அண்ணி நாற்காலி போடப் பழகினாள். திட்டி முடித்தவர்கள் பழைய வீட்டுக்குப் போய், கடிகாரத்தைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வேறொன்று வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ஆறு மாதத்தில் எல்லாம் வந்து சேர்ந்தன. இரண்டு கையிலும் முழங்கைவரை புதுக் கடிகாரங்கள் கட்டிக்கொண்டு, அவள் காலையில் அம்மாவோடு கடைத்தெருவுக்குப் போவாள். இரண்டு பேரும் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டே நடப்பார்கள். தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.