ஆள் இல்லாத பட்டி

தெல்கெர்மாவுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நிலக்கரி லாரிகள் ஓடப்போகிற புதுச் சாலை, கோபிப் பாலைவனச் சமவெளியில் அவளுடைய குளிர்கால ஆட்டுப்பட்டிக்கு நட்டநடுவே வருகிறது. சாலைக்குக் கடன் கொடுக்கும் வெளிநாட்டு வளர்ச்சி வங்கியின் அறிக்கையோ, அங்கே யாரும் வசிக்கவில்லை என்று அடித்துச் சொல்கிறது.

ஏன் சொல்லாது? ஆய்வுக்காரர்கள் வந்தது ஜூலையில். அப்போது குளிர்காலப் பட்டியில் எவன் இருப்பான்? எல்லோரும் மலைப்பக்க மேய்ச்சலுக்குப் போயிருப்பார்கள். கிளம்பும்போது கூடாரத்தைப் பிரித்து, அடுப்புக் குழியை மூடி, குப்பை பொறுக்கிவிட்டுப் போவதுதான் மரியாதை. அதிலும் தெல்கெர்மா படு சுத்தக்காரி. மிஞ்சியது ஒரு கல்சுவர்தான். அதையும் ‘பாழடைந்தது’ என்று எழுதிவிட்டார்கள்.

இப்போது வங்கியின் புகார்ப் பிரிவிலிருந்து ஹென்ரிக் வந்து நிற்கிறார். அவர் ஒரு வார்த்தை எழுதினால் சாலை வேலை நின்றுவிடும். ஆனால் வந்ததென்னவோ மறுபடியும் ஜூலையில். அவருக்காகத் தெல்கெர்மா மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறாள், பட்டியோ காலியாகக் கிடக்கிறது.

“நீங்க இங்க குடியிருந்ததுக்கு அடையாளம் ஏதாவது இருக்கான்னு கேக்குறார் அக்கா,” என்றாள் மொழிபெயர்க்க வந்த நோமின்.

“ஒரு துரும்பு விடாம பெருக்கித் தள்ளினியே, இப்ப அனுபவி,” என்று முணுமுணுத்தான் புருஷன் லுப்சான்.

“வாயை மூடிட்டு மண்வெட்டியை எடுங்க.”

“மண்ணைத் தோண்டுறது பாவம்டீ.”

“இது மண்ணுன்னு யார் சொன்னா? நம்ம ஆட்டுப் புழுக்கை.”

சுவரோரம் அவளே வெட்டினாள். இறுகிப்போன புழுக்கை கருப்பாக, அடுக்கடுக்காகத் தெரிந்தது. ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஓர் அடுக்கு. நடுவே வசந்தகாலப் புழுதிக்காற்று கொண்டுவந்த மணல் கோடு. ஹென்ரிக் மண்டிபோட்டு, பேனா முனையால் எண்ணினார். பதினான்கு. தெல்கெர்மா கல்யாணமாகி வந்து அத்தனை வருஷம்.

“அதுக்கும் கீழே இருக்கே, அது?” என்று நோமின் மூலம் கேட்டார்.

“அது என் மாமியார் காலத்து ஆடுங்க.”

நோமின் அதைச் சொன்னதும் மனிதர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு, இதை முன்பே புகாரில் எழுதியிருக்கலாமே என்று கேட்டார்.

“எழுதாம என்ன? மூணு தடவை எழுதினோம். மூணு தடவையும், ‘ஆய்வில் ஆள் தென்படவில்லை’ன்னு பதில் வந்துச்சு.”

ஹென்ரிக்கின் காது சிவந்தது. வண்டியின் முன்பக்கம் வரைபடத்தை விரித்து, ‘பாழடைந்தது’ என்ற சொல்லை அடித்துவிட்டு வேறு எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நோமின் வாசித்தாள்: “‘தெல்கெர்மாவின் குடும்பம் இங்கே வசிக்கிறது. சாலை வேலை இன்றே நிற்க வேண்டும். எங்கள் வங்கி சரியாகப் பார்க்கவில்லை.’”

தெல்கெர்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கைப்புழுதியைத் தட்டிக்கொண்டாள்.

“அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தரம் படி, கண்ணு.”

நோமின் படித்தாள். இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாகவே படித்தாள்.