ஆயிரம் அடிக்கு ஒரு சொட்டு

சௌமியாவுக்குப் பிடரி விண்விண்ணென்று தெறித்தது. படிக்கிற காலத்தில் லீவுக்கு லீவு செங்கல் சூளையில் கல் சுமந்தவள்தான். அங்கே வலித்தால் இறக்கி வைத்துவிடலாம். மூன்று நாளாகக் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து கிடந்த வலியை எங்கே இறக்குவது? திருச்செங்கோட்டில் ஸ்டிக்கர் கடை போட்டு ஒன்றரை மாதம் ஆகிறது. முதல் பெரிய வேலை, போர்வெல் வண்டி வைத்திருக்கும் குமரகுருவுடையது. அவருக்குப் பிடித்தால் நான்கு வண்டிகளுக்கும் இவள்தான் ஸ்டிக்கர். பிடிக்காவிட்டால் மறுபடி சூளை.

குமரகுரு திரையைப் பார்த்தார். நீல நிறத்தின் நடுவே அழகாக, தனியாக ஒரு நீர்த்துளி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதென்னுங்க அம்மிணி?"

"தண்ணிங்க."

"எவ்வளவு?"

"ஒரு சொட்டுங்க. எட்ட இருந்து பார்த்தாலும் பளிச்சுன்னு தெரியும்."

"நல்லாத் தெரியுமுங்க. ஆயிரம் அடி போட்டு ஒரு சொட்டு. என்ற வண்டி வந்தா இவ்வளவுதான் கெடைக்கும்னு நானே எழுதி ஒட்டிக்கிட்டு ஊர் ஊராப் போறதா?"

சுருக்கென்றது அவளுக்கு. "இப்பல்லாம் இப்படித்தானுங்க டிசைன் பண்றாங்க."

"அவிங்க போர் போடறதில்லீங்களே."

அவர் கேட்டது பனைமர உயரத்துக்குத் தண்ணீர், இரண்டு சாமி, ஐந்து போன் நம்பர்.

"அத்தனையும் போட்டா கல்யாணப் பத்திரிகையாட்டம் ஆயிருமுங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

குமரகுரு எழுந்து செருப்பைத் தேடினார். வேலை கையை விட்டுப் போவது கண்ணுக்கே தெரிந்தது.

"ஒன்னே ஒன்னு சொல்லிட்டுப் போங்க. தண்ணி வாரப்ப எப்படி இருக்குமுங்க?"

ஒற்றைச் செருப்போடு நின்றார். "மொதல்ல வெறும் புழுதிங்க. மூஞ்சியெல்லாம் மாவு. அப்புறம் ஈரவாசம். அப்புறம் சேறு." கை மேலே ஏறியது, குரலும் கூடவே ஏறியது. "அப்புறம் தொம்முனு ஒரே எழும்பு எழும்பும் பாருங்க. போர் போடச் சொன்ன காட்டுக்காரம்மா நனைஞ்சுக்கிட்டே சிரிக்கும். புருசன் நிக்கறதையும் மறந்து ஆடும்."

வீசிய கை டீ டம்ளரைத் தட்டிவிட்டது. இருவரும் சிரித்துவிட்டார்கள். அதற்குள் சௌமியா கிடைத்த காகிதத்தில் கலர் பென்சிலால் வரைந்துவிட்டிருந்தாள். கீழே பழுப்புச் சேறு, மேலே வெள்ளை நுரை, வண்டியின் முழு உயரத்துக்கும்.

"ம்" என்றார் குமரகுரு. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"சாமி ரெண்டும் முன்கண்ணாடிக்கு மேல இருக்கட்டுமுங்க. நம்பர் ரெண்டு போதும். வண்டி ஓடறப்ப அஞ்ச யாருங்க படிப்பாங்க?"

"மச்சான் நம்பரை எடுத்தா எனக்கு ஊட்டுல சோறு கெடைக்காது."

"அப்ப உங்களுது ஒன்னு, மச்சானுது ஒன்னு. மத்த மூணும் போவட்டும்."

யோசித்தார். "செரி. பெருசாப் போடுங்க."

மறுநாள் காலையில் ஒட்டி முடித்தார்கள். வண்டியில் வேலை செய்யும் ஆண்டி அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான். தெருவே சிரித்தது. மற்ற மூன்று வண்டிகளையும் அடுத்த வாரமே அனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் குமரகுரு ஏறிக்கொண்டார்.

சௌமியா வாய் நிறையப் போண்டாவோடு கையாட்டினாள். நம்பர் விஷயத்தில் தான் ஜெயித்ததை அதற்குள் நாலு பேரிடம் சொல்லியாயிற்று. தண்ணீர் விஷயத்தில், "நீங்க சொன்னதுதான் சரிங்க" என்கிற ஒரு வார்த்தை மட்டும் குமரகுருவுக்கு அவள் இன்னும் பாக்கி வைத்திருக்கிறாள்.