கொதிக்கும் ஏரியைப் பார்த்தவர்

காஸ்பர் லரோந்த் தம் வாழ்நாளில் உருப்படியாகச் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அதை நாற்பத்தைந்து வருஷம் சொன்னார்.

அவர் இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலம். மாதாகோவில் கூடத்தில் நடந்த ஒரு விருந்தில், கோட்டைக் கூடக் கழற்றாமல் மூலையில் ஒரு பெண் நின்றிருந்தாள். கரீபியன் தீவான டொமினிக்காவின் வடக்குக் கரையிலிருந்து நர்ஸ் படிப்புக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பெயர் இஸ்மெல்டா. குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

"நானும் உங்க தீவுதான், லோடா ஊர்க்காரன்" என்றார் காஸ்பர். "எங்க ஊருக்கு மேல மலைக்குள்ள ஒரு ஏரி இருக்கே, அது ராப்பகலா கொதிச்சுக்கிட்டே இருக்கும். கிட்ட நின்னு பாத்திருக்கேன். போற வழியில வெள்ளையா ஒரு தரை வரும். இந்தக் கூடத்துத் தரை மாதிரி கெட்டி. அதுல நேரா நடந்தா ஏரி."

அவள் கோட்டைக் கழற்றினாள். ஏழு மாதத்தில் கல்யாணம்.

உண்மை என்னவென்றால், பதினான்கு வயதில் இரண்டு கூட்டாளிகளோடு கிளம்பிய காஸ்பர், பாதி வழியில் இருக்கும் பிரேக்ஃபாஸ்ட் ஆறு வரைக்கும்தான் போனார். கொண்டுபோன ரொட்டியைத் தின்றார்கள், மழை பிடித்துக்கொண்டது, திரும்பிவிட்டார்கள். அதற்கப்புறம் போகவே இல்லை. மலைச்சரிவில் கிழங்கு போட்டுத் தலைச்சுமையாக இறக்குகிறவனுக்கு, வெந்நீரைப் பார்க்க மூன்று மணி நேரம் ஏற ஏது பொழுது? லோடாவில் பாதிப் பேர் கதை அதுதான். ஆனால் ஏரியைப் பார்த்திருக்கிறாயா என்று லோடாக்காரனிடம் யாரும் கேட்பதில்லை. ஞானஸ்நானம் ஆயிற்றா என்று கேட்பதைப் போல அது. யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் சொல்வதுமில்லை.

ஓய்வு பெற்றுத் தீவுக்குத் திரும்பி இரண்டு வருஷமாயிற்று. இஸ்மெல்டா ஏரி ஏரி என்று அரித்தாள். காஸ்பர் முதலில் புயலில் பாதை அடைபட்டுவிட்டது என்றார், அப்புறம் முழங்கால் என்றார், அப்புறம் மழை என்றார். கடைசியில் அவள் தன் அறுபத்தெட்டாவது பிறந்த நாளுக்கு, மலை வழிகாட்டியாக இருக்கும் காஸ்பரின் அக்கா மகள் ஜெரல்டினிடம் தானே பேசி ஏற்பாடு செய்துவிட்டாள். காஸ்பருக்குப் பயம் வந்தது. மலையைக் கண்டு அல்ல. இவள் தம்மைக் கட்டிக்கொண்டதே அந்த ஏரிக்காகத்தான் என்று அவர் உள்ளூர நம்பிவந்தார். ஏரி பொய்யென்றால் தாமும் பொய்யாகிவிடுவோம் என்று பயந்தார்.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டார்கள். நான்கு பேர். நாலாமவர் பக்கத்துத் தீவான குவாதலூப்பிலிருந்து ஏரி பார்க்க வந்த சோலாஞ்ச் அம்மாள், அஞ்சல் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபத்து நாலு வயது. ஜெரல்டின் ஒரு கையில் வெட்டுக்கத்தியும் மறு கையில் பச்சை முட்டைப் பையுமாக நின்று சட்டம் போட்டாள்.

"யாரு மெதுவா நடப்பாங்களோ அவங்கதான் முன்னால. வேகக்காரங்க பின்னால வந்து மூச்ச அடக்கிக்கிட்டு நடங்க. மலை எங்கயும் ஓடிப் போயிடாது."

"அப்ப நான் முன்னால" என்றாள் இஸ்மெல்டா.

"நீ எப்பவுமே முன்னாலதான்" என்றார் காஸ்பர்.

காடு அவர்களை உள்ளே வாங்கிக்கொண்டது. நாலு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத மரங்கள் பலகை பலகையாக வேர் விரித்து நின்றன. எங்கோ உயரத்தில் ஒரு குருவி ஒற்றை நீளச் சீழ்க்கை அடித்தது, நிறுத்தியது, வேறொரு சுரத்தில் மறுபடி அடித்தது. இஸ்மெல்டா ஒவ்வொரு முறையும் நின்று கேட்டாள். சிறு வயதில் கிழங்கு மூட்டையின் அடியில் குனிந்தே போன காஸ்பரும் இன்றுதான் அண்ணாந்து பார்த்தார். இந்த மரமெல்லாம் அப்போதும் இங்கேதான் இருந்ததா என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

பிரேக்ஃபாஸ்ட் ஆற்றில் வறுத்த ரொட்டியும் கருவாடும் தின்றார்கள். ஆற்றைத் தாண்டி அக்கரையில் கால் வைத்தபோது, எழுபத்தோரு வயதில் முதல் தடவையாக, அவர் கதை விட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அதற்கு மேல் ஏற்றம்தான். முகட்டில் நின்று பார்த்தபோது ஒரு பக்கம் ரோசோ ஊரும் கடலும் தெரிந்தன. மறுபக்கம் மலைகளுக்கு நடுவே பச்சையே இல்லாத ஒரு பள்ளம் புகைந்துகொண்டிருந்தது. அதற்கும் அப்பால் தனியாக ஒரு வெள்ளைப் புகை எழுந்தது.

"அதானே ஏரி?" என்றாள் இஸ்மெல்டா.

"அதேதான்" என்றார் காஸ்பர், ஜெரல்டினின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு. அவள் தலையாட்டியதும்தான் மூச்சு விட்டார்.

பள்ளத்தில் இறங்கும் இடம் ஏணி போலச் செங்குத்து. பாதியில் சோலாஞ்ச் அம்மாள் ஒரு வேரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"கால் என் பேச்சக் கேக்க மாட்டேங்குது. ஏசுவே, நான் இங்கயே குடும்பம் நடத்திக்கிறேன், நீங்க போங்க."

ஜெரல்டின் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டாள். பிறகு கீழே பார்த்துக் கூப்பிட்டாள். "மாமா! அத்தைய கூட்டிக்கிட்டு நீங்க போங்க. கறுப்பு ஓடைக்கு அந்தாண்ட நில்லுங்க, நாங்க மெதுவா வர்றோம். வழி உங்களுக்குத் தெரியாததா!"

வேறு யாராயிருந்தாலும் அவள் ஓரடி தனியாக விட்டிருக்க மாட்டாள். லோடாக்காரருக்குப் போய் ஏரிக்கு வழி சொல்வதா? அது மரியாதை ஆகாதே. காஸ்பர் வாயைத் திறந்தார். இஸ்மெல்டா அவரைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு பேரும் பள்ளத்துக்குள் இறங்கினார்கள். பூமி வேலை செய்துகொண்டிருந்தது. அப்படித்தான் காஸ்பருக்குத் தோன்றியது. மனிதர் யாரும் தேவைப்படாத ஏதோ ஒரு பெரிய வேலை. ஒரு ஓடை பால் நிறத்தில் ஓடியது, இன்னொன்று மசி நிறத்தில். பாறை இடுக்கிலிருந்து ஆவி சீறியது. மஞ்சளும் ஆரஞ்சும் பச்சையும் கல்லில் படிந்திருந்தன. மூக்கில் அழுகிய முட்டை நாற்றம். பயமும் பக்தியும் சேர்ந்து அவருக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணால் காணாமலே இதைப் பற்றி எத்தனை வருஷம் வாய் கூசாமல் அளந்திருக்கிறோம் என்று நினைத்தார்.

காற்று திரும்பியது. ஆவி புரண்டு வந்து இருவரையும் மூடியது. விலகியபோது இஸ்மெல்டா பத்தடி முன்னால், இடப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"காஸ்பர்! இதோ உன் வெள்ளைத் தரை!" சின்னப் பெண் போலக் கூவினாள். "நீ சொன்னது அப்படியே இருக்கு பாரு! இதுல நேரா நடந்தா ஏரி!"

அவளுக்கு முன்னால், மாவு பூசியது போல வழவழவென்று, வெள்ளையாக ஒரு தரை விரிந்திருந்தது. அதன் விளிம்பில் மெல்லிய வெடிப்பு ஓடியது. வெடிப்பிலிருந்து நூல் போல ஆவி கசிந்தது. அவள் காலைத் தூக்கினாள்.

"நில்லு! இஸ்மெல்டா, நில்லு! நான் வந்ததே இல்ல!"

அவள் தூக்கிய காலோடு திரும்பினாள். "என்ன?"

"நான் இங்க வந்ததே இல்ல! எல்லாம் பொய்! அந்தத் தரையும் பொய்! கால வைக்காத, அப்படியே பின்னால வா. வந்த அடியிலேயே வா."

காலையிலிருந்து அவள் ஊன்றி வந்த தடி மட்டும் முன்னால் நின்றது. எடுக்கும்போது அது தரையில் லேசாக அழுந்தியது. முட்டை ஓடு உடைவது போல ஒரு சத்தம், தடி முழங்கை நீளத்துக்கு உள்ளே போய்விட்டது. அந்த ஓட்டையிலிருந்து ஆளுயரத்துக்கு வெந்நீராவி பீறிட்டது. இஸ்மெல்டா தடியை விட்டுவிட்டு ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்தாள். காஸ்பர் அவள் கையைப் பிடித்தார்.

இருவரும் ஒரு கருங்கல்லின் மேல் அசையாமல் நின்றார்கள். அவள் கேட்டாள்.

"எந்த எடத்துல இருந்து பொய்?"

"பிரேக்ஃபாஸ்ட் ஆத்துல இருந்து."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் சத்தியம்."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். காஸ்பருக்கு அந்தக் கொதிநீர்ப் பள்ளத்தின் நடுவிலும் குளிர்ந்துபோயிற்று.

ஜெரல்டின் சோலாஞ்ச் அம்மாளோடு வந்து சேர்ந்து, குத்தி நின்ற தடியைப் பார்த்தாள். ஒரு கல்லை எடுத்து அந்த வெள்ளைத் தரையில் எறிந்தாள். கட்டில் அகலத்துக்குத் தரை உள்ளே சரிந்தது. அடியில் சாம்பல் நிறச் சேறு குமுறிக்கொண்டிருந்தது. அவள் முகம் வெளுத்தது.

"மாமா, உங்களுக்குத் தெரியும்னுதானே விட்டேன்!"

"எனக்குத் தெரியாதும்மா. நான் வந்ததே இல்ல."

அவள் அப்படியே குந்திவிட்டாள். "தப்பு என்னோடதுதான். யாரா இருந்தாலும் விட்டிருக்கக் கூடாது. இனிமே லோடாவுல ஒவ்வொருத்தரையா நிக்க வெச்சு, நீ போயிருக்கியா, நீ போயிருக்கியான்னு கேக்கணும் போல."

"பாதிப் பேரு தலைய சொறிவாங்க" என்றார் காஸ்பர்.

வெந்நீர்ச் சுனையில் முட்டை அவித்துத் தின்றார்கள். இஸ்மெல்டா எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து ஏரிக்கு அரைமணி நேரம். அவள் ஜெரல்டினின் காலடியிலேயே கால் வைத்து நடந்தாள். காஸ்பர் கடைசியில் வந்தார்.

கடைசி மேட்டில் ஏறியபோது ஒன்றும் தெரியவில்லை. எதிரே வெள்ளைச் சுவர் போல ஆவி. கீழேயிருந்து இரைச்சல் மட்டும் வந்தது. அது காதில் கேட்கும் இரைச்சல் இல்லை, உள்ளங்கால் வழியாக நெஞ்சுக்கு ஏறிய இரைச்சல். காத்திருந்தார்கள். சோலாஞ்ச் அம்மாள் ஜெபமாலையை எடுத்தார்.

காற்று வந்தது. ஆவி கிழிந்து மேலே போனது.

செங்குத்துப் பாறைச் சுவர்களுக்கு நடுவே, சாம்பலும் நீலமும் கலந்த ஒரு பெரிய நீர்வட்டம் கிடந்தது. அதன் நடுப்பகுதி முழுவதும் மேலெழுந்து, உருண்டு, மடிந்து, மறுபடி எழுந்தது. யாரும் தீ மூட்டவில்லை, யாரும் பார்க்கவும் தேவையில்லை. இந்தத் தீவில் ஒருவரும் கால் வைப்பதற்கு முன்பும் அது இப்படித்தான் கொதித்திருக்கும். காஸ்பர் தொப்பியைக் கழற்றினார். கண்ணீர் தாடைவரை ஓடியது, துடைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

இஸ்மெல்டா ஏரியையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து நின்றாள்.

"காஸ்பர்."

"ம்."

"உனக்குப் பொய் சொல்லவே வரல. நாப்பத்தஞ்சு வருஷமா இத எவ்வளவு சின்னதா சொல்லியிருக்க!"

அவர் அழுதுகொண்டே சிரித்தார். "பேரப்பிள்ளைங்க கேட்டா இனி என்ன சொல்றது?"

"நீ எதுவும் சொல்லாத" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே இத நான் சொல்றேன். நீ பக்கத்துல உக்காந்து தலையாட்டு, போதும்."