லீலாபாய் மாமியின் பக்க எண்

பனச்சமூட்டில் டிடிபி கடை வைத்திருக்கும் எனக்குக் கையால் புள்ளி வைப்பவர்களைக் கண்டாலே எரிச்சல் வரும். ஜெயதாஸ் மாமா எங்கள் சர்ச் சபையின் ஆண்டு மலருக்குப் பொருளடக்கத்தைத் தானே டைப் செய்து கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவே எறும்பு வரிசை போலப் புள்ளிகள்.

"எல்லாம் சரிபாத்தாச்சு பின்சி. நீ ஒண்ணையும் தொடாத மக்கா" என்றார்.

அவர் பயம் ஊருக்கே தெரியும். எங்கள் சபையில் மலரை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. பொருளடக்கத்தில் தன் பெயரைத் தேடி, அந்தப் பக்கத்தைப் பிரித்து நாலு பேரிடம் காட்டுவதோடு சரி. போன மலரில் மாமாவின் மனைவி லீலாபாய் மாமியும் அப்படித்தான் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பிரித்தார். அவர் கட்டுரை இருக்க வேண்டிய இடத்தில் சவப்பெட்டிக் கடை விளம்பரம்! புருஷன் வேண்டுமென்றே செய்ததாக முடிவுகட்டி, அடுத்த ஞாயிறே வேறொரு சபைக்கு ஆட்டோ பிடித்துவிட்டார். அன்று முதல் ஞாயிறுதோறும் அந்த வீட்டு வாசலுக்கு இரண்டு ஆட்டோ வரும்.

இந்த முறை மாமி மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறார். பக்கம் சரியாக இருந்தால் அறுப்பின் பண்டிகைக்குப் பழைய சபைக்கே வருவாராம்.

"மாமா, ஒரு படம் கூடினா எல்லா நம்பரும் மாறித் தெத்தும். இதுதான் தலைப்புன்னு அடையாளம் வெச்சுக் குடுத்தா கம்ப்யூட்டரே எண்ணிக்கிடும்."

அவர் வாய் திறப்பதற்குள் புள்ளிகளை மொத்தமாக அழித்தேன். தலைப்புகளுக்கெல்லாம் அடையாளமாக ஒரு ஸ்டைல் கொடுத்தேன். புதிய பொருளடக்கம் நொடியில் வந்தது. ஆனால் எழுதியவர் பெயர் ஒன்றுகூட இல்லை. பெயர் இல்லாவிட்டால் மொத்தச் சபையும் ஆட்டோ பிடித்துவிடும். ஒவ்வொரு பெயரையும் தலைப்பு வரியிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தேன். மாமியின் பெயர் முப்பத்தேழில் வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து வாட்ஸப்பில் முழுப்பக்க விளம்பரம் ஒன்று வந்தது. அதே சவப்பெட்டிக் கடை. அதை நடுவில் செருகிப் பிரிண்ட் எடுத்தேன். தாள் முழுக்க வந்து விழுந்த நேரத்தில் மாமியே கடைக்குள் நுழைந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் தன் பெயரைத் தேடிப்பிடித்து, முப்பத்தேழைப் பிரித்தார்.

சவப்பெட்டி. உள்ளே வெள்ளைப் பட்டு விரித்தது.

மாமா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தைக் கூட்டிய நான், பொருளடக்கத்துக்கு அப்டேட் கொடுக்க மறந்திருந்தேன்.

"மாமி, இங்க பாருங்க." திரையை அவர் பக்கம் திருப்பி, மௌஸை அமுக்கினேன். அவர் கண்ணெதிரே முப்பத்தேழு முப்பத்தெட்டாயிற்று.

மாமி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பம் ஒரு பக்கம் கூடினா எல்லாம் மாறிப்போவுமா?"

"ஆமா மாமி. போன தடவ மாமா கையால அடிச்சதாக்கும். பொறவு பக்கம் கூடினது அவருக்குத் தெரியல்ல."

மாமி திரும்பினார். "நீங்க வேணும்னு போட்டதில்லியா?"

"நான் என்னத்துக்கு லீலா அப்பிடிச் செய்யணும்?" மாமா ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

மாமி சவப்பெட்டியை இன்னொரு தடவை பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இந்தக் கடக்காரன் என்னைய விடமாட்டான் போலிருக்கே!" மாமாவும் சிரித்தார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

படியிறங்கும்போது மாமி ஆட்டோக்காரன் உண்ணியைப் போனில் அழைத்தார்.

"உண்ணி, ஞாயிறாழ்ச்ச நீ மட்டும் வந்தா மதி, வேற ஆட்டோ வேண்டாம். ரெண்டுபேரு உண்டு."