கந்தம்மாள் வைத்த புகைபோக்கி

ராசிபுரத்து நெசவாளி கைலாசத்தின் வீட்டில், அவர் பாட்டன் காலம் தொட்டு மூட்டிய அடுப்புப் புகை ஒரு பொட்டும் வெளியே போனதில்லை. உத்திரத்தடியில் அடுக்கடுக்காகக் குடியிருந்தது. உச்சியில் பாட்டனின் கல்யாணப் பந்திப் புகை. ஏணியில் ஏறினால் பருப்பு மணக்கும். அதன் கீழே தாது வருசப் பஞ்சத்துப் புகை, நூலாய் மெலிந்து. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தி நாலாம் வருசம் புகையடுக்கு, கைலாசம் உட்கார்ந்து நெய்யும் தறிக்குழி வரை இறங்கிவிட, அவருக்கு மூச்சு முட்டியது. இந்த வீட்டிலேயே இருந்தால் ஐப்பசி தாண்டாது என்றார் வைத்தியர். "பாட்டன் வெட்டுன குழிய உட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்" என்று கைலாசம் இருமிக்கொண்டே சொல்லிவிட்டார்.

சரி, ஆள் நகராவிட்டால் புகை நகரட்டும் என்று அவர் மனைவி கந்தம்மாள் சேலையை வரிந்து கட்டினாள். காலி மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டி விரித்து, துணி சுருட்டும் படமரத்தின் மேல் உருட்டி, விளிம்போடு விளிம்பை மடக்கித் தட்டிக் குழாயாக்கினாள். கூரையில் ஓடுகளைப் பிரித்தாள். சூட்டில் மரம் பற்றிக்கொள்ளாமலிருக்க, குழாயைச் சுற்றி வைக்கோல் மண்ணைக் கனமாக அப்பினாள். முகட்டுக்கு மேலே ஒரு முழம் நீட்டி, மழைக்குத் தகரக் குல்லாயும் வைத்தாள். யாரிடம் கற்றாள்? யாரிடமும் இல்லை!

"ஏனுங்கக்கா, ஓட்டு மேல வடாமா போடறீங்க?" என்றாள் பக்கத்து வீட்டுச் சின்னாயி.

"புகைக்கு வழி வெக்கறேன். வாயாடாம ஏணியப் புடி."

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. புகைதான் போகவில்லை. குழாய் வாய் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. கந்தம்மாள் முறத்தால் விசிறி, "போ! போய்த் தொலை!" என்று கத்தக் கத்த, அது முறுக்கிக்கொண்டு தரையோடு படிந்தது. கைலாசத்தின் உதடு நீலம் பாரித்தது. அவர் தலையை மடியில் வைத்து அழுதபோதுதான் அவளுக்கு உறைத்தது. கிளம்புகிறவர்கள்கூட 'வாரேன்' என்றே சொல்லும் ஊரில், மூணு தலைமுறை ஒரே கூரையில் இருந்த பெரியவர்களைப் 'போ' என்றால் ரோசம் வராதா?

எழுந்து கைகூப்பினாள். "கோவிச்சுக்காதீங்க சாமி. போயிட்டு வாங்க."

புகை கிளம்பியது. மூப்பு முறைப்படி, கல்யாணப் பந்தி முதலில். தெரு முழுக்கப் பருப்பு மணத்து, சாப்பிட்டவர்களுக்கும் பசித்தது. பஞ்சத்துப் புகை போனது யாருக்கும் தெரியவில்லை. கடைசி இழையும் ஏறியதும் கைலாசம் இழுத்த மூச்சில் தறியில் பூட்டிய பாவு நூல் அத்தனையும் ஆடியது. கெட்டிக்காரி என்றால் அவள்தான் கெட்டிக்காரி.

கைலாசம் பல ஐப்பசிகளைத் தாண்டினார். வாங்க என்று சொன்னதால் பொங்கலுக்குப் பொங்கல் புகை திரும்பி வந்து, ஒரு வேளை விருந்தாளியாக இருந்துவிட்டுப் போனது. அன்றைக்குக் கந்தம்மாள் குல்லாயைக் கழற்றி வைத்து, புருசனோடு வாசலில் இலை போட்டுச் சாப்பிட்டாள். வானத்திலிருந்து புகை குழாய்க்குள் இறங்குவதைப் பார்த்தால், "கைலாசண்ணன் ஊட்டுக்கு ஒறம்பரை வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே சின்னாயி கொடியில் காயும் சேலையை எடுக்கப் போவாள்.